அலைவரிசைக்கு வெளியே நின்ற நேயர்கள்: பம்பாய்த் தமிழரும் வானொலி வரலாறும்

காலனி நாடுகளிலும், விடுதலைக்குப் பின் அவை தனி அரசுகளான காலத்திலும் வானொலி எவ்வாறு வேரூன்றியது என்பதைப் பற்றிய எழுத்துகள் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியிருப்பினும், அவற்றுள் பெரும்பாலானவை நிலையங்களின் வரலாறாகவும் அந்நிலையங்களை ஆட்டிவைத்த அரசுகளின் வரலாறாகவுமே அமைந்துள்ளன. கேட்டவர்களைப் பற்றிய பேச்சு வரும் இடங்களில் லைசென்ஸ் எண்ணிக்கையும் நேயர் கடிதங்களின் கணக்கும் காட்டப்படுகின்றனவேயன்றி, கேட்டவர் யார், எந்த நிலையத்தை எதற்காகப் பிடித்தார் என்ற கேள்வி எட்டத்திலேயே நின்றுவிடுகிறது. ஒலிபரப்புவோர் தமக்கென ஒரு நேயரை எப்போதும் கற்பித்துக்கொள்கிறார்கள். அந்த நேயருக்கு ஓர் ஊர், ஒரு மொழி, ஒரு தொழில் உண்டு. ரேடியோவின் முள்ளை நகர்த்தும் கையோ அந்தக் கற்பிதத்திற்குக் கட்டுப்பட்டதில்லை. இந்த முரணைச் சோதிப்பதற்கு இந்தியாவில் பம்பாய்த் தமிழரைவிடப் பொருத்தமான சமூகம் கிடைப்பது அரிது. 1995 வரை பம்பாய் என வழங்கிய மும்பையில், தாராவியின் தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உழைப்பாளிகளும், மாதுங்காவில் குடியேறிய ரயில்வே, வங்கி அலுவலர்களும், பின்னாளில் செம்பூரின் ஆலைகளையும் ஆய்வுக்கூடங்களையும் ஒட்டி வளர்ந்த குடும்பங்களும் எந்த நிலையத்தின் நேயர் வரைபடத்திலும் நேராக இடம்பெறாதவர்கள். ஆயினும் வானொலியை விடாமல் கேட்டவர்கள்.

இந்தியாவில் ஒலிபரப்பு முதலில் காலூன்றிய நகரங்களுள் பம்பாய் முன்னிற்பது. 1923இல் பம்பாய் ரேடியோ கிளப் என்ற ஆர்வலர் குழு சிறு அளவில் ஒலிபரப்பத் தொடங்கியது. 1927 ஜூலை 23 அன்று இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்தின் பம்பாய் நிலையத்தை வைஸ்ராய் இர்வின் திறந்துவைத்தார். ரேடியோப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணம் செலுத்த வேண்டும், அதில் ஐந்தில் நான்கு பங்கு கம்பெனிக்குப் போகும் என்பது ஏற்பாடு. 1929இன் முடிவில் நாடு முழுவதும் லைசென்ஸ் பெற்றிருந்தோர் 8,000 பேரைக்கூட எட்டவில்லை. 1930 மார்ச்சில் கம்பெனி மூடப்பட்டது. ஏப்ரலில் அரசு அதை ஏற்று நடத்தியதும், 1931இல் செலவைக் காரணம் காட்டி மூட முடிவுசெய்ததும், எதிர்ப்புக்குப் பின் 1932இல் தொடர இசைந்ததும் பலமுறை சொல்லப்பட்ட செய்திகள். காலனி அரசு வானொலியைக் கண்டு அஞ்சியதா, அல்லது பொருட்படுத்தவில்லையா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அலாஸ்டர் பிங்கர்டன் போன்றோர் தில்லி, லண்டன், மாகாணங்கள் ஆகியவற்றுக்கிடையே நிலவிய இழுபறியை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஆவணங்களின் போக்கைப் பார்த்தால் 1930களின் தொடக்கம் வரை அச்சத்தைவிட அசட்டையே மிகுந்திருந்தது எனத் தோன்றுகிறது.

அந்த நிலையைப் புரட்டியது உள்ளூர் நிலையங்களின் நிகழ்ச்சிகள் அல்ல என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. 1932 டிசம்பரில் பிபிசி தன் பேரரசுச் சேவையைச் சிற்றலையில் தொடங்கியபின், லண்டனைக் கேட்கும் ஆவலில் பெட்டிகள் வாங்கப்பட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்திய லைசென்ஸ்கள் ஏறக்குறைய இரு மடங்காயின. லைசென்ஸ் கட்டணமும் இறக்குமதித் தீர்வையும் உள்ளூர் நிலையத்தின் உயிரைக் காப்பாற்றின; அந்தப் பணத்தைத் தந்தவர்கள் காதைக் கொடுத்ததோ தொலைவிலிருந்த நிலையத்திற்கு. இந்திய வானொலி நேயரின் முதல் இயல்பு, பக்கத்தில் இருப்பதை விட்டுத் தொலைவில் இருப்பதைத் தேடுவது என்று சொன்னால் அது மிகையாகாது.

சென்னையில் நடந்தது வேறு வகை. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப், பணமுடையால் 1927இல் நின்றுபோக, அதன் கருவிகளைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பம்பாயில் வானொலி வீட்டுக்கூடத்துப் பொருளாக வந்தபோது, சென்னையில் அது காசில்லாதவரும் நின்று கேட்கும் பொதுப் பொருளாக வந்தது. பின்னர் தமிழகத்துக் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ பரவியது அந்த வழியின் தொடர்ச்சியே. ஊரில் பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன் உட்கார்ந்து பழகியவர்களில் ஒரு பகுதியினரே பின்னர் பம்பாய்க்கு ரயிலேறினர் என்பதை மறக்கலாகாது.

1935இல் பிபிசியிலிருந்து வந்து அரசு ஒலிபரப்பின் பொறுப்பேற்ற லயனல் ஃபீல்டன், 1936 ஜூனில் அந்நிறுவனத்திற்கு ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரைப் பெற்றுத் தந்ததை எல்லா நூல்களும் சொல்கின்றன. அவருடைய தலைமைப் பொறியாளர் சி. டபிள்யூ. கோய்டரின் முடிவு ஒன்று அதைவிட நீண்ட விளைவு உடையது. மத்திய அலை நிலத்தை ஒட்டிப் பரவுவதால் பகலில் சில நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். சிற்றலை வானத்தின் மின்னூட்டப் படலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். இவ்வளவு பெரிய நாட்டை மத்திய அலையால் நிரப்பப் பணம் போதாது என்பதால், முக்கிய நிலையங்களில் சிற்றலை நாட்டைத் தழுவட்டும், மத்திய அலை பெருநகரங்களுக்கு மட்டும் போதும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. 1938இல் பம்பாயும் சென்னையும் சிற்றலை பெற்றன. 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன. சிக்கனத்திற்காக எடுத்த இம்முடிவு, மொழிவாரியாக நேயரைப் பிரிக்கும் கொள்கையை அதன் அடித்தளத்திலேயே தளர்த்திவிட்டது. மராத்தி, குஜராத்தி, இந்துஸ்தானி, ஆங்கிலம் ஆகியவற்றை மையமாகக் கொண்ட பம்பாய் நிலையத்தின் எல்லைக்குள் வாழ்ந்த மாதுங்காத் தமிழருக்கு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த சென்னைச் சிற்றலை இரைச்சலோடும் மங்கலோடும் எட்டக்கூடியதாயிற்று. காலனிய வானொலியின் நேயர் வரலாற்றை எழுதுவோர் கொள்கைக் கோப்புகளைப் படிக்கும் அளவுக்கு இந்த அலை இயல்புகளைப் படிப்பதில்லை என்பது ஒரு குறையே.

ஆனால் பம்பாய்த் தமிழர் என்று ஒரே மூச்சில் சொல்வது இவ்விடத்தில் தவறாகும். பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை மனை பிரித்துக் கட்டிய மாதுங்காவில் மின்சாரம் இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, மொட்டை மாடியில் ஏரியல் கட்ட இடம் இருந்தது. தாராவியின் பத்துக்குப் பத்து அறைகளில் இவை எதுவும் எளிதில் கிடைப்பவை அல்ல. வால்வு ரேடியோவுக்கு மின் இணைப்பு வேண்டும், இல்லையேல் அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டிய கனத்த பேட்டரி வேண்டும். அறுபதுகளில் டிரான்சிஸ்டர் மலிந்து பரவியபோதுதான் இந்தத் தடை உடைந்தது. அதன்பின் தாராவியில் ஒரு வீட்டில் ரேடியோ பாடினால் அந்தச் சந்தே கேட்டது. ஜாம்பியாவின் வானொலிப் பழக்கத்தை ஆராய்ந்த டெப்ரா ஸ்பிடுல்னிக், பெட்டி கைமாறுவதும், எடுத்துச் செல்லப்படுவதும், பேட்டரிக்காகக் காத்திருப்பதும் கேட்டலின் பகுதிகளே என்று வாதிட்டார். அந்நாடு வடக்கு ரொடீசியா என வழங்கிய 1949இல் ஆப்பிரிக்க நேயருக்காகவே ஐந்து பவுண்டு விலையில் வாணலி போன்ற உடலோடு ஒரு பேட்டரி ரேடியோவை ஆட்சியாளர்களே செய்வித்து விற்றனர். அத்தகைய மலிவுப் பெட்டியை இந்தியாவில் காலனி அரசு முனைந்து உருவாக்கவில்லை. ஒரு லைசென்ஸை ஒரு குடும்பம் என்று எண்ணிய அஞ்சலகக் கணக்கு, மாதுங்காவுக்குப் பொருந்தும், தாராவிக்குப் பொருந்தாது.

கேட்டல் அரசியலாகும் தருணத்தைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் ஃபிரான்ஸ் ஃபனோனிடம் வந்து சேர்கிறார்கள். அல்ஜீரியாவில் ரேடியோ நெடுங்காலம் பிரெஞ்சுக் குடியேறிகளின் பொருளாக இருந்தது, 1956இல் விடுதலைப் போராளிகளின் குரல் காற்றில் வந்ததும் மக்கள் பெட்டிகளை வாங்கிக் குவித்தார்கள், அரசு அலையைக் குலைத்தபோது காதில் விழாத சொற்களைக் கேட்பவர்கள் தாங்களே இட்டு நிரப்பினார்கள் என்று அவர் 1959இல் எழுதினார். பம்பாய்க்கும் இதற்கு இணையான ஒரு நிகழ்வு உண்டு. 1942 ஆகஸ்ட் 27 முதல் நவம்பர் 12 வரை 42.34 மீட்டரில் ஒலித்த காங்கிரஸ் ரேடியோவை உஷா மேத்தா, விட்டல்பாய் ஜவேரி, பாபுபாய் காக்கர் முதலியோர் வீடு வீடாக இடம் மாற்றி நடத்தினர். ராம் மனோகர் லோகியா வழிகாட்டினார். சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோத்வானி கருவிகள் தந்து உதவினார். அவ்வொலிபரப்புகளின் உரைகள் இன்று கிடைப்பதற்குக் காரணம், காவல்துறை அவற்றை ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்ததே. அந்நிலையத்தின் மிகக் கவனமான நேயர் போலீஸ்தான் என்று சொல்வதில் கொஞ்சம் வேடிக்கையும் நிறைய உண்மையும் இருக்கிறது.

ஆயினும் ஃபனோனின் சித்திரம் பம்பாய்க்கு அப்படியே பொருந்துவதில்லை. அவர் காட்டும் நேயர் ஒரு குரலை விட்டு மற்றொரு குரலுக்கு மாறுகிறார். போர்க்காலப் பம்பாயில் சிற்றலைப் பெட்டி வைத்திருந்தவரோ தில்லியையும், பெர்லினிலிருந்தும் பின்னர் சிங்கப்பூரிலிருந்தும் ஒலித்த சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலியையும், லண்டனையும் ஒரே இரவில் கேட்க முடிந்தது. 1941 மே 3 அன்று போர்த்தேவைக்காகவே பிபிசி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. ஆசாத் ஹிந்த் வானொலியின் மொழிகளிலும் தமிழ் இருந்தது. இரு தரப்பும் தமிழில் பேசின. எதையும் முழுதாக நம்பாமல் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நேயர் அப்போதே உருவாகியிருந்தார்.

விடுதலை பெற்றபோது இந்தியாவின் ஆறு நிலையங்களில் இரண்டு, சென்னையும் திருச்சியும், தமிழுக்கு உரியவை. அதன்பின் வந்த பத்தாண்டுகளை ஆராய்ந்தவர்களின் கவனம் பி. வி. கேஸ்கர் மீதே குவிந்தது. 1952 முதல் பத்தாண்டுகள் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த அவர், திரைப்பாடலை ஒதுக்கி மரபிசையை முன்னிறுத்தினார். தடை என்று இது வழங்கினாலும் நடந்தது சற்றே வேறு: திரைப்பாடல்களின் நேரம் குறைக்கப்பட்டது, படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரம் என்று நிறுத்தப்பட்டது, சினம்கொண்ட தயாரிப்பாளர்கள் பாடல்களுக்கான இசைவைத் திரும்பப் பெற்றனர். டேவிட் லெலிவெல்ட் இக்கொள்கையை, இசையை நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரும் முயற்சியாக விளக்கினார். 1940இல் ஹார்மோனியத்தை நிலையங்களிலிருந்து விலக்கியதும் 1950களில் கலைஞர்களைத் தேர்வுவைத்துத் தரம் பிரித்ததும் அதே நோக்கின் படிகள். கர்நாடக இசை எவ்வாறு ஒரு செவ்வியல் மரபாகத் தன்னை அமைத்துக்கொண்டது என்பதை ஆராய்ந்த அமாண்டா வைட்மன், ஒலிக்கருவிகளின் பங்கை அதில் வலியுறுத்தினார். 1952 ஜூலையில் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, அதே ஆண்டில் தோன்றி 1963இல் பெரும் அரங்கம் எழுப்பிய மாதுங்காவின் சண்முகானந்த சபாவின் ரசிகருக்கு ஏற்றதாகவே இருந்தது. மாதுங்கா நேயர் ஒருவகையில் கேஸ்கர் கனவுகண்ட நேயர்தான். தாராவி நேயர் அப்படி அல்லர்.

கேஸ்கர் கைவிட்டதை எடுத்துக்கொண்டது கொழும்பு. போர்க்காலத்தில் தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமைக்காக நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க ஒலிபரப்பிகள் இலங்கை அரசின் கைக்கு வந்து, 1950இல் ஆஸ்திரேலியரான கிளிஃபோர்டு டாடின் பொறுப்பில் விளம்பரச் சேவை தொடங்கியது. 1952 டிசம்பர் 3 முதல் அமீன் சயானி வழங்கிய பினாக்கா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலித்தாலும், பம்பாயில் பதிவாகி நாடாக்களாக விமானத்தில் அனுப்பப்பட்டது. விளம்பரதாரர், பாடல், அறிவிப்பாளர் என எல்லாம் பம்பாயினுடையவை, காற்றில் ஏறிய இடம் மட்டுமே இலங்கை. இசபெல் அலோன்சோ 2023இல் வெளியிட்ட நூலில், இந்தி-உருது நேயர்கள் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் ஒரே கேட்கும் சமூகமாக இருந்ததை இத்தகைய சான்றுகளால் நிறுவினார். பீகாரில் அப்போது இருந்த ஜும்ரி தலையா என்ற சிற்றூர், பாட்டுக் கேட்டு எழுதிய கடிதங்களாலேயே நாடறிந்த பெயராயிற்று. ஒரே மொழிக்குள் எல்லை தாண்டியவர்களை அந்த நூல் தெளிவாகக் காட்டுகிறது. அதே கொழும்பைத் தமிழில் கேட்ட பம்பாய்க்காரர் அதன் வட்டத்திற்குள் வரவில்லை.

இலங்கை வானொலியின் தமிழ்ப் பக்கம் இந்தி அளவுக்கு விரிவாக ஆராயப்படாதது வியப்புக்குரியது. எஸ். பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகிய பெயர்களைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே வீட்டு மனிதர் பெயர்களைப் போல அறிந்திருந்தது. நேயர் விருப்பத்தில் ஊரும் பெயரும் வாசிக்கப்பட்டபோது, சொந்த நாட்டு நிலையம் அளிக்காத ஓர் அங்கீகாரத்தை அயல்நாட்டு நிலையம் அளித்தது. இதில் கசப்பான உள்முரண் ஒன்று உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரை நாடற்றவராக்கி, 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய அதே அரசின் நிலையமே, கடலுக்கு அப்பாலிருந்த தமிழ் நேயரை விளம்பர வருவாய்க்காக வருந்தி அழைத்தது. வானொலி நேயரும் குடிமகனும் ஒருவரே என்று கொள்ளும் ஆய்வுகளுக்கு இந்த ஒரு சான்றே போதிய எச்சரிக்கை. கொழும்பின் செல்வாக்குக்கு இந்திய அரசின் மறுமொழியாக 1957 அக்டோபர் 3 அன்று வந்த விவித் பாரதி, பம்பாய், சென்னைச் சிற்றலைகளிலிருந்தே நாடெங்கும் ஒலித்தது. 1967இல் விளம்பரங்களும் முதலில் பம்பாய்-புனே-நாக்பூர் வட்டாரத்தில்தான் அனுமதிக்கப்பட்டன.

கிராமத்து நேயரைப் பற்றிய ஆய்வுகள் வேறொரு வழியில் சென்றன. காலனிய அதிகாரிகள் கிராமத்திற்கு வானொலி வழியே உபதேசம் செய்ய எண்ணியதை ஜோஸ்லின் ஸிவின் நுணுக்கமாகவும் சற்றே கிண்டலாகவும் எழுதியிருக்கிறார். அந்த எண்ணம் விடுதலைக்குப்பின் மறையாமல், 1956இல் யுனெஸ்கோ துணையோடு புனே வட்டாரத்தின் 150 கிராமங்களில் நடந்த வானொலி மன்றச் சோதனையாக வளர்ந்தது. உழவர்கள் கூடிக் கேட்டு, விவாதித்து, கேள்விகளை நிலையத்திற்கு எழுதி அனுப்புவது அதன் முறை. இதை மதிப்பிட்டவர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் நொய்ராத். தமிழ்நாட்டில் திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பால் பரவிய ஆடுதுறை 27 என்ற நெல்லை உழவர்கள் ரேடியோ நெல் என்றே அழைத்தது, இவ்வகை முயற்சிகள் எப்போதும் வெறும் உபதேசமாக முடியவில்லை என்பதைக் காட்டும். நொய்ராத்தின் நிறுவனம் அப்போது செம்பூரை ஒட்டிய தேவனாரில் இருந்தது. அங்கிருந்து கிராமத்து நேயரை எண்ணச் சென்றார்கள். சில கிலோமீட்டரில் இருந்த தாராவி அத்திட்டத்தின் நோக்கத்திற்குள் வரவில்லை. வளர்ச்சிக்கான வானொலி என்ற சிந்தனையில் நேயர் என்றால் உழவர், நகரத்துத் தொழிலாளி அல்லர்.

செய்தியில் தமிழருக்கு ஒரு தனி ஏற்பாடு இருந்தது. தில்லியிலிருந்து தமிழில் வாசிக்கப்பட்ட செய்தி அறிக்கைகள் தமிழகத்திற்காக அமைந்தவை எனினும் சிற்றலையில் நாடெங்கும் கேட்கக் கிடைத்தன. அவற்றின் மிகப் புகழ்பெற்ற குரலான சரோஜ் நாராயணசுவாமி, மும்பையில் வளர்ந்து, ஓய்வுக்குப்பின் மும்பைக்கே திரும்பி, 2022 ஆகஸ்டில் அங்கேயே மறைந்தவர். தமிழ்நாடே செய்தித் தமிழுக்கு இலக்கணமாகக் கொண்ட உச்சரிப்பு ஒரு பம்பாய்த் தமிழருடையது என்பது, மையம் எது, விளிம்பு எது என்ற வழக்கமான கணக்கைக் குலைக்கிறது. அரசு வானொலியின் மீதான நம்பிக்கை நெருக்கடிநிலைக் காலத்தில் சரிந்தது. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியின் மறைவை ஆல் இந்தியா ரேடியோ மாலையில்தான் அறிவித்தது, பிபிசியோ பல மணி நேரம் முன்பே சொல்லிவிட்டது. இலங்கை இனப்போரின் ஆண்டுகளில் பிபிசி தமிழோசைக்குக் கிடைத்த மதிப்பும் இந்த ஒப்பிட்டுக் கேட்கும் பழக்கத்தின் விளைச்சலே.

பிற்காலத்து மாற்றத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1995இல் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 1997இல் பொது ஒலிபரப்பு அமைப்பான பிரசார் பாரதி நடைமுறைக்கு வந்தது; 2002இல் மும்பையில் தனியார் பண்பலை நிலையங்கள் வந்தன. பண்பலை, கண்ணுக்கெட்டும் தூரத்தைச் சற்றே தாண்டி அடங்கிவிடும் அலை; ஒலி தெளிவு, எல்லை சிறிது. சிற்றலை கலைத்துப்போட்ட நேயர் வரைபடத்தைப் பண்பலை மீண்டும் நகர எல்லையோடு ஒட்டவைத்தது; மும்பையில் அது பெரும்பாலும் இந்தித் திரையிசையின் களமாயிற்று. தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்ற விதியால் ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்பும் சுருங்கியது. 2017 ஏப்ரல் 30 அன்று பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. தொழில்நுட்பம் முன்னேறினால் கேட்கும் வாய்ப்பு பெருகும் என்ற பொதுக்கருத்து, சிறுபான்மை மொழி நேயரைப் பொறுத்தவரை கைபேசியும் இணையமும் வரும்வரை பொய்த்தே இருந்தது.

இவ்வளவும் நிலையங்களின் பக்கத்திலிருந்தும், அலைகளின் இயல்பிலிருந்தும், பிற நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட்டும் சொல்ல முடிந்தவை. தாராவியில் எந்தச் சந்தில் எந்த நிலையம் பாடியது, மாதுங்காவில் சென்னைச் சிற்றலை எந்த மாதங்களில் தெளிவாகக் கிடைத்தது, செம்பூர் வீடுகளில் தில்லிச் செய்தியும் கொழும்புப் பாட்டும் எந்த ஒழுங்கில் கேட்கப்பட்டன என்பவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். வில்லைகள் ஒட்டிய பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகங்கள், இலங்கை வானொலிக்கு எழுதிய அஞ்சலட்டைகளின் படிகள், நிலையங்களின் அலைநீளத்தைக் குறித்துவைத்த நாட்குறிப்புகள் ஆகியன சான்றாவணங்கள் என்று கருதப்படாமல் பழைய காகிதக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மும்பையின் தமிழ் அமைப்புகளும், தேவனாரிலும் கலினாவிலும் உள்ள ஆய்வுத்துறைகளும், அத்தகைய புத்தகமோ கடிதமோ வைத்திருக்கும் குடும்பங்களும் இப்போதே அவற்றைத் திரட்டவும் முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்யவும் முன்வர வேண்டும்.